ஓதக் கலைஞர் நட்ஸரேனோ

ரோமில் சுவரில் கைவைத்துப் பேர் வாங்கியவர்களுக்குப் பஞ்சமே இல்லை. தேவதூதர்களை வரைந்தவர்கள், கடைசித் தீர்ப்பு நாளை வரைந்தவர்கள், போப்பாண்டவரின் அக்காள் மகனுக்குச் சிறகு வைத்து வரைந்தவர்கள் என்று ஊரில் தடுக்கி விழுந்தால் ஏதாவது ஒரு மேதையின் கல்லறைமேல்தான் விழவேண்டும். ஆனால் ஓதத்தை, சுவரில் ஊறிப் பரவும் ஈரக்கறையை, வரைந்தவர் ஒருவர்தான். சான் ரோக்கோ குடியிருப்பில் நாலாவது வரிசை, ஏழாம் எண் வீட்டு நட்ஸரேனோ ப்ரொயெத்தி.

பிழைப்புக்கு அவர் வெள்ளையடிப்பவர். ஓதத்தை மறைப்பதுதான் தொழில். வரைவது பின்னால் வந்த பெருமை.

சான் ரோக்கோ என்பது ரயில் பாதைக்கு அப்பால், டிராம் வண்டி இதற்குமேல் முடியாது என்று திரும்பிவிடும் இடத்தில் இருக்கிறது. முப்பத்தாறாம் வருஷம் நகரத்தின் நடுவே அகலமான சாலை ஒன்று போட ஆசைப்பட்ட அரசாங்கம், குறுக்கே நின்ற வீடுகளை இடித்து, அதிலிருந்த ஜனங்களை லாரியில் ஏற்றி வந்து இங்கே இறக்கியது. புது வீடுகளின் சுவர் ஒற்றைச் செங்கல் கனம். அஸ்திவாரம் என்று ஒன்று உண்டென்பது காண்டிராக்டருக்குத் தெரியுமா என்பதில் இன்றுவரை இரண்டு கருத்து. மழை பெய்தால் தண்ணீர் மேலிருந்து வரும். பெய்யாவிட்டால் கீழிருந்து வரும்.

எல்லா வீட்டிலும் ஓதம் உண்டு. ஆனால் நட்ஸரேனோ வீட்டு அடுப்படியில் வந்தது வம்சாவளி உள்ள ஓதம். கூரையின் இடது மூலையில் காப்பித்தூள் நிறத்தில் பிறந்து, ஒரு முழம் நேராக இறங்கி, அங்கே என்ன யோசனை தட்டியதோ வலப்பக்கம் திரும்பி, அடுப்புக்கு மேலே போர்வைபோல் விரிந்து, தரையை நெருங்கும்போது பாசிப் பச்சையாகி, ஓரமெல்லாம் உப்புப் பூத்து வெள்ளை ஜரிகை கட்டிக்கொண்டு நிற்கும். வருஷாவருஷம் ஆகஸ்டில் புனித ரோக்கோவின் ஊர்வலத்துக்கு முன்னால் நட்ஸரேனோ அதன்மேல் மூன்று பூச்சுச் சுண்ணாம்பு அடிப்பார். நவம்பர் மழையில் அது தன் பழைய வழியைத் துளியும் மறக்காமல் திரும்பி வரும். யுத்தம் முற்றிச் சுண்ணாம்பே கிடைக்காமல் போன நாற்பத்து மூன்றிலிருந்து அதைக் கேட்பாரில்லை. அது பாட்டுக்கு வளர்ந்தது.

அவர் மனைவி எர்சிலியா, கன்னியர் மடத்துத் துணிகளுக்குப் பெட்டி போடுபவள். வெள்ளை என்றால் எது என்று அவளுக்குத் தொழில்முறையிலேயே தெரியும். அவள் புருஷனிடம் கேட்டது நகை இல்லை, நாற்காலி இல்லை. மகள் ஜில்டாவைப் பெண் கேட்டு ஒருநாள் சம்பந்தி வீட்டம்மா வருவாள்; அவள் அடுப்படிக்குள் கால்வைக்கும்போது இந்தச் சுவர் வெள்ளையாக இருக்க வேண்டும். அவ்வளவுதான். வெள்ளையடிப்பவன் பெண்டாட்டி இதைக்கூடக் கேட்காவிட்டால் வேறெதைக் கேட்பாள்?

அந்த நேரத்தில்தான், நாற்பத்தேழு வசந்தத்தில், சினிமாக்காரர்கள் வந்தார்கள்.

ஸ்டூடியோக் கொட்டகைகளில் அகதிகள் குடியிருந்தார்கள். விளக்கில்லை, மின்சாரமில்லை, படச்சுருள் துண்டு துண்டாகத்தான் கிடைத்தது. ஆகவே கேமரா தெருவுக்கு வந்தது. வேறு போக்கிடம் இல்லாததால் வந்தது என்று விவரமறியாதவர்கள் சொன்னார்கள். உண்மை தெருவில்தான் இருக்கிறது என்பதால் வந்தது என்று படித்தவர்கள் சொன்னார்கள். இரண்டையும் சேர்த்துப் புது எதார்த்தம் என்று பெயர் வைத்தார்கள். நடிகர்கள் வேண்டாம், தெருவில் போகிற ஆளே போதும். அரங்கம் வேண்டாம், ஆள் வாழ்கிற வீடே போதும். கதைகூட அதிகம் வேண்டாம், வேலை கிடைக்காத ஒருவன் இருந்தால் போதும். இந்த மூன்றும் சான் ரோக்கோவில் தேவைக்கு மேலேயே இருந்தன.

டைரக்டர் பெயர் லந்தோல்ஃபோ. நல்ல குடும்பம், முப்பத்தைந்து வயது, முழங்கையில் கிழிந்த ஸ்வெட்டர். அவர் வீட்டு வேலைக்காரி அந்தக் கிழிசலைத் தைக்க வரும்போதெல்லாம் தடுத்துவிடுவார் என்று பின்னால் தெரியவந்தது. ரோமில் கண்ணாடி போட்ட எவரும் டாக்டர்தான். ஆகவே அவரும் டாக்டரய்யா. ஒருநாள் தனியாக வந்து நாலு வரிசையையும் சுற்றிப் பார்த்து, சில வீட்டுச் சுவர்களுக்கு எதிரே நின்று பெருமூச்சு விட்டு, அடுத்த மாதம் கேமராவோடு வருகிறேன், இந்த இடம் அப்படியே உலகத்துக்குத் தெரியவேண்டும் என்று ஒயின் கடைக்காரர் அமெரிகோவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

உலகம் பார்க்க வருகிறது என்றால் மனிதப் பிறவி என்ன செய்யும்? சான் ரோக்கோ புனிதரின் ஊர்வலத்துக்குச் செய்வதைச் செய்தது. அமெரிகோ வீடுவீடாக வசூலித்தார். சுண்ணாம்பு வந்தது. நட்ஸரேனோ அவர் வாழ்நாளில் அப்படி வேலை செய்ததில்லை. மூன்று நாளுக்கு ஒரு வரிசை வீதம், உள்ளும் புறமும். பெண்கள் கல்யாணச் சீர் விரிப்புகளை எடுத்து ஜன்னலில் தொங்கவிட்டார்கள். ஜெரேனியப் பூத்தொட்டிகள் கைமாறின. கொடிக்கயிற்றில் ஒரு கோவணம்கூட மிச்சமில்லை.

டாக்டரய்யா வண்டியிலிருந்து இறங்கினார். தெரு பளீரென்று கண்ணைப் பறித்தது. நாலு வரிசையும் ஞாயிற்றுக்கிழமை உடுப்பில் நின்றது. அவர் ஓரமாகக் கிடந்த கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

“எங்கே அது?” என்றார்.

“எது, டாக்டரய்யா?” என்றார் அமெரிகோ.

“நான் போன மாசம் பார்த்துட்டுப் போனது. அந்த வறுமை.”

“அதுவா? வெள்ளையடிச்சிட்டோம்.” அமெரிகோவுக்கு இதிலே என்ன கேள்வி என்றே புரியவில்லை. “விருந்தாளி வர்ற நேரத்துல அதையெல்லாம் போட்டு வைப்பாங்களா?”

டாக்டரய்யா ஒவ்வொரு வீடாக நுழைந்து ஒவ்வொரு வீட்டிலிருந்தும் இன்னும் கொஞ்சம் வயதாகி வெளியே வந்தார். ஏழாம் எண்ணுக்கு வந்தபோது நட்ஸரேனோ வாசலை மறித்தார். சுண்ணாம்பு தன் வீட்டுக்கு வரும்போது தீர்ந்துவிட்டது. ஊருக்கெல்லாம் அடித்தவன் வீடு இப்படி இருப்பது அவமானம். வேண்டுமானால் நாளைக்கு வாருங்கள் என்று கெஞ்சினார். அவர் கைக்குக் கீழே குனிந்து டாக்டரய்யா உள்ளே போய்விட்டார்.

உள்ளே சத்தமில்லை. கேமராக்காரர் போனார், அவரும் சத்தமில்லை. நட்ஸரேனோ எட்டிப் பார்த்தார். டாக்டரய்யா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அடுப்படிச் சுவருக்கு முன்னால், பெரிய கோவிலின் நடுக்கூடத்தில் நிற்பதுபோல் நின்றுகொண்டிருந்தார்.

“யார் பண்ணினது இது?” என்று மெதுவாகக் கேட்டார்.

“மழைதான், டாக்டரய்யா. கொஞ்சம் காண்டிராக்டரும்.”

அன்றைக்குத்தான் நட்ஸரேனோ முதல்முறையாக அந்தச் சுவரைப் பார்த்தார். பதினொரு வருஷமாக அதை எதிரியாகத்தான் தெரியும். இப்போது தொப்பி கழற்றிய ஒரு மனிதரின் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்தார். அந்தப் பழுப்பு எப்படிப் பச்சைக்குள் போகிறது என்பதற்கு எல்லையே தெரியவில்லை. எந்தத் தூரிகையாலும் ஆகாத வேலை. அவருடைய கையும் தானாகத் தொப்பிக்குப் போனது.

அடுப்பின் முன்னால் எர்சிலியா கொண்டைக்கடலை வேகவைத்துக்கொண்டிருந்தாள். படம் பிடிக்க வேண்டும், கொஞ்சம் வெளியே வரமுடியுமா என்று நாலு பேர் மாறி மாறிக் கேட்டார்கள். கொண்டைக்கடலையைப் பாதிக் கொதியில் இறக்கினால் கல்லாகிவிடும், உங்கள் படம் காத்திருக்கட்டும் என்று அவள் திரும்பாமலே சொன்னாள். டாக்டரய்யா கையை உயர்த்தி எல்லாரையும் அடக்கினார். அம்மா இருக்கட்டும், கிண்டிக்கொண்டே இருக்கட்டும், திரும்ப மட்டும் வேண்டாம் என்றார். ஜன்னல் வெளிச்சத்தில், முன்பு ரயில் நிலையத்தில் சுமைகூலியாக இருந்த ஒருவன் கதாநாயகனாக வந்து மேசையில் உட்கார்ந்து, வேலை கிடைக்கவில்லை என்பதை வாயால் சொல்லாமல் ரொட்டியைப் பிய்த்தான். அவ்வளவுதான் காட்சி. அவனுக்கு நிஜமாகவே வேலை இல்லாததால் நன்றாகவே பிய்த்தான்.

படம் முடியும்வரை சுவரைத் தொடக்கூடாது என்று டாக்டரய்யா உத்தரவு. படத்துக்காகத் தேர்ந்தெடுத்த மற்ற பதினோரு அடுப்படிகளையும் பழையபடி ஆக்கித் தரவேண்டும் என்று நட்ஸரேனோவுக்கே இன்னொரு உத்தரவு. வெள்ளையடித்தவனுக்குத்தானே எங்கே என்ன இருந்தது என்று தெரியும்!

முதல் ஓதத்தை அவர் கரியையும் தண்ணீரையும் கலந்து ஒரே மூச்சில் அடித்தார். உதவி டைரக்டர் தலையைச் சாய்த்துப் பார்த்து, இது வறுமை இல்லை, பூகோளம் என்றார். ஆப்பிரிக்கா கண்டம் மாதிரியே இருந்தது. நட்ஸரேனோ வீட்டுக்கு வந்து, நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அசல் சுவரின் முன்னால் ஒருநாள் முழுக்க உட்கார்ந்தார். சாயங்காலம் ரகசியம் பிடிபட்டது. ஓதத்துக்கு அவசரம் கிடையாது. அது வந்துவிட்டுப் போகும், காய்ந்ததும் மறுபடி வரும், ஒவ்வொரு முறையும் விட்ட இடத்துக்கு ஒரு விரல் தள்ளி நிற்கும். மறுநாள் சிக்கரிக் காப்பி மண்டி, ஒயின் வண்டல், அக்ரூட் தோலின் சாறு, அடுப்புக்கரி, கோந்து, உப்பு எல்லாவற்றையும் தனித்தனிக் கிண்ணத்தில் வைத்துக்கொண்டு பூசினார், காயவிட்டார், பூசினார், காயவிட்டார். மூன்றாம் நாள் டாக்டரய்யா வந்து சுவரில் விரலை வைத்து மூக்கில் வைத்துப் பார்த்து, விரல் நனையாததைக் கண்டு திகைத்தார். அந்த வீட்டுக்காரி மட்டும் வாளியை எடுத்து ஒழுகும் இடத்தில் வைத்துவிட்டு அழுதாள்.

படம் பாரிஸ் போனது, பரிசு வாங்கியது. எங்கெங்கோ பனைமரம் முளைக்கிற நாடுகளில்கூட இளைஞர்கள் அதைப் பார்த்துவிட்டு, கேமராவைத் தோளில் தூக்கிக்கொண்டு தங்கள் ஊர்ச் சந்துகளுக்குள் இறங்கினார்களாம். ரோமில் மட்டும் ஒரு வாரம்தான் ஓடியது. ஏழையைப் பார்க்க ஏழை எதற்கு டிக்கெட் வாங்கவேண்டும்? நாட்டின் மானம் போகிறது என்று பத்திரிகைக்குக் கடிதம் எழுதியவர்கள் மட்டும் இரண்டு தடவை பார்த்தார்கள்.

ஆனால் அதன்பின் ஏழை இல்லாமல் படம் எடுப்பது மரியாதைக் குறைவு என்றாகிவிட்டது. எல்லாக் கம்பெனியிலும் வேலையில்லாதவன் ஒருவன், துவைக்கிற பெண் ஒருத்தி, அவர்களுக்குப் பின்னால் ஒரு சுவர். சுவர் என்றால் நட்ஸரேனோ. செங்கல் சூளைக்காரன் வீட்டுக்குப் புகை கலந்த ஓதம். உப்பளத்துக்காரன் வீட்டுக்குப் பூத்துப்போன வெள்ளை ஓதம். தோல் பதனிடுபவன் வீட்டு ஓதத்தை அவர் அடித்தபோது நடிக்க வந்தவர்கள் மூக்கைப் பொத்தினார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. வண்ணத்துக்கு வாசனை இல்லை என்பதால் நாம் அதை நம்பவேண்டியதில்லை, வியந்தால் போதும். அகதிகள் போய் ஸ்டூடியோக்கள் திறந்தபிறகும் அவரை விடவில்லை. பளபளக்கும் புதுக் கொட்டகைக்குள் பளபளக்கும் புதுச் சுவர் எழுப்பி, அதில் எதார்த்தத்தைக் கொண்டுவர எதார்த்தத்திலிருந்து டிராமில் அவரை வரவழைத்தார்கள்.

எந்த டைரக்டர் வந்தாலும் வேலையைத் தொடங்குமுன் அசலைப் பார்த்துவிட்டு வரச்சொல்லி உதவியாளர்களை ஏழாம் எண்ணுக்கு அனுப்புவார். அவர்கள் வாசலில் காலணியைத் துடைத்துவிட்டு நுழைவார்கள். எர்சிலியா வாணலியில் கீரை வதக்கிக்கொண்டிருப்பாள். அவள் தலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக எட்டி எட்டிப் பார்த்து, ஈரத்தின் நேர்மையைப் பற்றி விவாதிப்பார்கள். ஒருவர் அவளைக் கொஞ்சம் குனியச் சொன்னார்.

படம் முடிந்தது, அடிக்கிறாயா என்று எர்சிலியா கேட்டாள். மறுபடி எடுக்க வந்தாலும் வருவார்கள் என்றார் நட்ஸரேனோ. அடுத்த ஆகஸ்ட் வந்தது. பக்கத்து வீட்டுச் சுவர்களெல்லாம் ஊர்வலத்துக்கு வெளுத்தன. இந்த நேரம் பார்த்து மாதிரிச் சுவர் இல்லாமல் போனால் தொழில் கெடும் என்றார். உண்மை அதுவல்ல. இரண்டு முறை சுண்ணாம்பு கரைத்து, பிரஷ்ஷைத் தோய்த்து, சுவருக்கு முன்னால் நின்றார். கை எழவில்லை. பெரிய கோவில் கூரையில் போய் எவனாவது வெள்ளையடிப்பானா? அடுப்படிக்குள் நுழையும்போது தொப்பியைக் கழற்றுவது அவருக்குப் பழக்கமாகிவிட்டிருந்தது.

“இந்தாய்யா,” என்றாள் எர்சிலியா ஒருநாள், “கல்யாணமாகி இருபது வருஷத்துல ஒருநாளாவது என்னப் பாத்துத் தொப்பியக் கழட்டியிருக்கியா?”

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்ததால் கேள்வி காதில் விழவில்லை.

ஐம்பத்தொன்றில் ஜில்டாவுக்குப் பதினெட்டு. டிராம் பாதையின் மறுகோடியில் பால்கடை வைத்திருக்கும் ட்ஸெலிந்தா அம்மாளின் மகன் அவளைக் கேட்டான். மே மாதம் மூன்றாவது ஞாயிறு, சாப்பாட்டுக்குப் பிறகு, ட்ஸெலிந்தா அம்மாள் வீடு பார்க்க வருவாள் என்று முடிவாயிற்று. பால்கடைக்காரியின் கண்ணுக்கு வெள்ளையில் ஒரு தூசி தப்பாது. எர்சிலியா புருஷனிடம் சத்தம் போடவில்லை. தேதியை மட்டும் சொன்னாள். நட்ஸரேனோ வழி கண்டுபிடித்தார்: ஊர்வலத்துக்குத் தொங்கவிடும் விரிப்பை ஆணியடித்துச் சுவர்மேல் மாட்டிவிட்டால் போயிற்று. எர்சிலியா அந்த விரிப்பை மடித்துப் பெட்டியில் வைத்து, பெட்டிமேல் உட்கார்ந்தாள். அன்றுமுதல் வீட்டில் பேச்சு நின்றது. சாப்பாடு மட்டும் வந்தது.

அதற்கு முந்தின ஞாயிறு, பங்குக் கோவில் கூடத்தில் பாதிரியார் டொன் எஜீதியோ படம் போட்டார். நாலு வருஷம் உலகம் சுற்றிவிட்டு அந்தப் படம், தான் பிறந்த இடத்துக்கு, இரண்டாம் கைப் பிரதியாக, அப்போதுதான் வந்துசேர்ந்தது. சான் ரோக்கோ மொத்தமும் மத்தியானமே போய் நாற்காலி பிடித்தது. டொன் எஜீதியோ வழக்கம்போல் முத்தக்காட்சி வந்தால் மறைப்பதற்காக உள்ளங்கையை விரித்துக்கொண்டு படக்கருவியின் பக்கத்தில் நின்றார். முதல் அரைமணி நேரம் ஒரே அமளி. அதோ என் ஜன்னல், அதோ என் கழுதை, அதோ என் மச்சான், கடன்காரன், அங்கேயே சிரித்துக்கொண்டு நிற்கிறான் பார்.

அப்புறம் அந்தச் சுவர் வந்தது.

திரை பெரியது, சுவர் அதைவிடப் பெரியதாக இருந்தது. மூலையிலிருந்து இறங்கி, திரும்பி, விரிந்து, கூடம் முழுவதன் தலைக்கு மேலேயும் வந்து நின்றது. பேச்சு அப்படியே அறுந்தது. முத்தம் எதுவும் இல்லாவிட்டாலும் டொன் எஜீதியோவின் கை தானாக இறங்கியது. சுமைகூலி ரொட்டியைப் பிய்த்தான். அவனுக்குப் பின்னால், அந்தப் பிரம்மாண்டத்தின் காலடியில், ஒரு பெண்ணின் முதுகு. சிறியது. கழுத்தில் வேர்வை. கை மட்டும் வட்டமாகச் சுற்றிச் சுற்றிக் கிண்டிக்கொண்டிருந்தது. மேலே இருந்த அத்தனை ஈரமும் அந்த இரண்டு தோள்கள்மேல்தான் இறங்கிக்கொண்டிருந்தது.

நாலு வருஷம் அந்தச் சுவரை அங்குலம் அங்குலமாகப் படித்தவர் நட்ஸரேனோ. அதன் ஒவ்வொரு உப்புப் பூவும் மனப்பாடம். அந்த முதுகை அவர் பார்த்ததே இல்லை.

எர்சிலியா பக்கத்து நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். தன் முதுகைத் தான் பார்ப்பது எல்லாருக்கும் வாய்க்காது. புருஷனோடு பேச்சு இல்லை என்பதையும் மறந்து, காதோரம் கேட்டாள்.

“இவ்ளோ பெருசாய்யா அது?”

“ஆமா.”

“இதுக்குக் கீழயா நான் பதினஞ்சு வருஷமா நிக்கறேன்?”

நட்ஸரேனோ குனிந்தார். கையைப் பார்த்தார். தொப்பி கையில் இருந்தது. எப்போது கழற்றினார் என்று தெரியவில்லை. படம் முடிந்து வீடு போகும்வரைக்கும் அதைத் திரும்பப் போட்டுக்கொள்ளவில்லை. எர்சிலியா ஒருமுறை கடைக்கண்ணால் பார்த்தாள். வெயிலில் தலை சுடும் என்றுகூடச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை விடிந்ததும் சுண்ணாம்பு கரைத்தார். ஸ்டூடியோவிலிருந்து ஆள் வந்தது. துறைமுகத்துக் கூலி வீடு ஒன்று காத்திருக்கிறது என்றது. இன்றைக்கு எனக்கு நிஜ வேலை இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார். முதல் பூச்சில் பச்சை மறைந்தது, இரண்டாவதில் பழுப்பு. மூன்றாவது பூச்சுக்குமுன் எர்சிலியாவைக் கூப்பிட்டு, மூலையில் கடைசியாகத் தெரிந்த உள்ளங்கையளவு இடத்தைக் காட்டினார். அவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். மனிதன் செய்ததாக இருந்தால் மெச்சியிருக்கலாம் என்றாள். அப்புறம் பிரஷ்ஷை வாங்கி அதை அவளே அடித்தாள்.

ட்ஸெலிந்தா அம்மாள் சொன்ன நேரத்துக்கு வந்தாள். கறுப்புப் பட்டு, கையில் புது ரிக்கோட்டாப் பாலாடைக் கட்டி. அடுப்படிக்குள் கால்வைத்தாள், நின்றாள், சுவரைப் பார்த்தாள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள். நேரே இடது மூலைக்குப் போய், ஒரு விரலால் தடவி, விரலில் ஒட்டிய வெள்ளையைப் பார்த்தாள். நட்ஸரேனோ ஜபமாலையைத் தேடினார். எர்சிலியா தேடவில்லை, கையைக் கட்டிக்கொண்டு நேராகப் பார்த்தாள்.

“எங்க வீட்லயும் இந்த மூலையிலதான் வரும் சம்பந்தி,” என்றாள் ட்ஸெலிந்தா அம்மாள், விரலைப் பட்டில் துடைத்துக்கொண்டு. “நீங்க எத்தனை பூச்சு அடிக்கிறீங்க?”

அப்புறம் உட்கார்ந்து பேசினார்கள். ஓதத்தைப் பற்றியே பேசினார்கள். கல்யாணத் தேதி கடைசியில் எழும்போது போகிற போக்கில் முடிவாயிற்று.

ஜூன் மாதம் ஒரு கார் வந்து நின்றது. டாக்டரய்யா இறங்கினார், வெளிநாட்டிலிருந்து வந்த மூன்று டைரக்டர்களுக்கு அசலைக் காட்டவேண்டும் என்று அழைத்து வந்திருந்தார். ஸ்வெட்டரில் அதே கிழிசல். வாசலிலேயே தொப்பியைக் கழற்றிக்கொண்டு, மற்றவர்களுக்கும் கண்ஜாடை காட்டி, சத்தமில்லாமல் உள்ளே நுழைந்தார். எர்சிலியா அடுப்பில் மொச்சைப் பயறு கிண்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் சுவர் கன்னியர் மடத்து மேசைவிரிப்பைப்போல் வெள்ளையாக இருந்தது.

“எங்கே அது?” என்றார் டாக்டரய்யா.

நட்ஸரேனோ வாயைத் திறந்தார். எர்சிலியா முந்திக்கொண்டாள். இந்த முறை திரும்பிநின்று, அகப்பையோடு, நாலு பேரையும் முகத்துக்கு முகம் பார்த்தாள்.

“வெள்ளையடிச்சிட்டோம். நவம்பர்ல வாங்க, டாக்டரய்யா. வந்துரும்.”

டாக்டரய்யா சட்டைப்பையிலிருந்து சிறு புத்தகத்தை எடுத்து, நவம்பர் என்று குறித்துக்கொண்டார்.